ஒரு குவாரி சரி, ஏழு குவாரி? வாசகர் கேள்வி–பதில்

கல்குவாரி, சுரங்கம், எரிவாயு என்று போன இதழில் எழுதியதற்கு மேசை நிறையக் கடிதங்கள். பாதி திட்டு, மீதி கேள்வி. ஐந்தாறு பேர் ஒரே விஷயத்தை வேறு வேறு பக்கத்திலிருந்து பிடித்திருக்கிறார்கள். தனித்தனியாக அனுமதி வாங்கிய பல திட்டங்கள் ஒரே வட்டாரத்தில் சேர்ந்து செய்யும் பாதிப்பை யார் பார்ப்பது, எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதுதான் அது. அதனால் இந்த இதழில் அதற்கு மட்டுமே இடம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றி ஆறு கல்குவாரி ஓடுகிறது, இப்போது ஏழாவதுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தடிமனாக ஓர் அறிக்கை வருகிறது, 'பாதிப்பு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்' என்று முடிகிறது. ஆனால் திண்ணையைக் காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி வெள்ளைத் தூசி. அறிக்கை பொய்யா, எங்கள் கண் பொய்யா? (கரூர் மாவட்டம்)

இரண்டுமே பொய்யில்லாமல் இருக்கலாம் ஐயா, சிக்கலே அதுதான். கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் புரிந்துவிடும். காற்றில் மிதக்கும் நுண்துகளுக்கு, அதாவது பி.எம். 10-க்கு, 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009-லிருந்து தேசிய வரம்பு. அறிக்கை எழுதுகிறவர்கள் மழையில்லாத ஒரு பருவத்தில் ஊர்க் காற்றை அளந்து வைத்துக்கொள்வார்கள், அதன் மேல் தங்கள் குவாரி எவ்வளவு கூட்டும் என்று கணினியில் கணக்கிட்டுச் சேர்ப்பார்கள். ஒரு பேச்சுக்கு, ஊர்க் காற்றில் 65 இருக்கிறது, புதுக் குவாரி 5 கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 70, வரம்பு 100, பிரச்சினை இல்லை. அதே வருஷம் விண்ணப்பம் போட்ட பக்கத்துக் குவாரியும் அதே 65-இல் தொடங்கி அதே 70-இல் முடிப்பார். இப்படி ஏழு பேர் எழுதினால் ஏழு அறிக்கையிலும் 70 தான் இருக்கும், காற்றில் 100 இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கூட்டவும் இல்லை.

இதில் இன்னொரு கோளாறும் உண்டு, அது மெதுவாக வேலை செய்கிறது. ஆறு குவாரி ஓடிக்கொண்டிருக்கும்போது ஏழாவது குவாரிக்காக அளக்கும் அந்த 'இப்போதைய நிலை'க்குள் பழைய ஆறின் தூசியும் அடக்கம். ஆக, பத்து வருஷத்துக்கு முந்தைய பாதிப்பு இன்றைக்கு ஊரின் இயல்பு ஆகிவிடுகிறது. முதல் குவாரி வருவதற்கு முன் அந்த ஊரின் காற்று எப்படி இருந்தது, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்று எந்தக் கோப்பிலும் இருக்காது, வயசானவர்கள் சொன்னால் உண்டு.

தூசிக்காவது ஓர் எண் இருக்கிறது. சாலைக்கு என்ன இருக்கிறது? ஒவ்வொரு குவாரியும் தன் லாரி நடையை மட்டும் எழுதும், ஆனால் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகிற சாலை ஒன்றுதான். வெடியும் அப்படியே. ஒரு வெடியின் அதிர்வு விதிக்கு உட்பட்டிருக்கலாம், ஆனால் மண் சுவர் வீடு ஒரு நாளைக்கு எத்தனை குவாரியின் வெடியை வாங்குகிறது என்பதை எந்த ஓர் அறிக்கையும் தன் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. போதாததற்கு, கிரஷரும் எம்-சாண்ட் ஆலையும் இந்தக் கணக்கிலேயே வராது, ஏனென்றால் அவை சுரங்கம் இல்லை. அவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு போதும், அது தனிக் கோப்பு, தனி அதிகாரி.

அதனால் அடுத்த அறிக்கை கைக்கு வந்தால் முடிவுரையைப் படிக்காதீர்கள். கணினியில் போட்ட காற்றுக் கணக்கில் எந்தெந்தக் குவாரியையும் கிரஷரையும் சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தேடுங்கள். பட்டியலே இல்லை என்றால் அதுதான் உங்கள் முதல் ஆட்சேபம்.

கேள்வி: 'கிளஸ்டர்' என்றால் என்ன? 500 மீட்டருக்குள் இருந்தால் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், எங்கள் பக்கம் குவாரி எடுக்கிறவர் 'நம்முடையது அதில் வராது' என்கிறார். (கோவை மாவட்டம்)

கதை 2012-ல் தொடங்குகிறது. அதற்கு முன் 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை, அதனால் பெரிய இடத்தைத் துண்டு துண்டாக்கி ஏலம் விடும் வழக்கம் வந்தது. ஹரியானாவில் அப்படி நடந்ததை எதிர்த்த தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், துண்டு சிறியதாக இருந்தாலும் எல்லாம் சேர்ந்து செய்யும் சேதம் சிறியதில்லை, 5 ஹெக்டேருக்குக் குறைந்தாலும் அனுமதி வாங்கு என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு 2016 ஜனவரி 15-இல் சுற்றுச்சூழல் அனுமதி விதிகளில் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில்தான் கிளஸ்டர் வந்தது. ஒரே வகைக் கனிமப் பகுதியில் ஒரு குத்தகையின் விளிம்புக்கும் இன்னொன்றின் விளிம்புக்கும் இடையே 500 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவை ஒரு கூட்டம். கூட்டத்தின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டும் என்பது 2018-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சதேந்திர பாண்டே வழக்கில் போட்ட உத்தரவுக்குப் பிறகு உறுதியாயிற்று.

உங்கள் ஊர்க்காரர் எந்த ஓட்டையைச் சொல்கிறார் என்று தெரிய வேண்டும், ஏனென்றால் மூன்று நான்கு இருக்கிறது. இடைவெளி 500 மீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் கூட்டம் இல்லை, தூசிக்கு அந்த நாடா தெரியாது என்றாலும். கிராவல் குவாரியும் கருங்கல் குவாரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் 'ஒரே வகைக் கனிமம் இல்லை' என்று வாதம் செய்யலாம். அப்புறம் 2016 ஜூலையில் வந்த இன்னொரு திருத்தம்: மூன்று வருஷமாக ஓடாத குத்தகைகளையும், 2016 ஜனவரி 15-க்கு முன்பே அனுமதி வாங்கிவிட்டவற்றையும் கூட்டத்தின் பரப்பில் சேர்க்க வேண்டாம் என்கிறது. அதாவது இருப்பதிலேயே பழைய, பெரிய பள்ளம் கணக்கில் இல்லை.

ஆனால் அதே வாக்கியத்தின் பின்பாதியை நிறையப் பேர் படிப்பதில்லை. பரப்பில் சேர்க்காவிட்டாலும் அவற்றைச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்திலும் வட்டாரச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்திலும் சேர்க்க வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. எனவே 'எங்களுடையது வராது' என்றால், சரி, வட்டாரத் திட்டம் எங்கே, அதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். மாவட்டம் முழுக்க எத்தனை குத்தகை, எங்கெங்கே என்று தெரிய மாவட்ட ஆய்வறிக்கை என்று ஒன்று இருக்க வேண்டும், அதன் வரைவை 21 நாள் இணையத்தில் போட்டுக் கருத்துக் கேட்டிருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தின் கனிமவளப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: நான் டிப்பர் ஓட்டுகிறேன். எழுதுகிற உங்களுக்கு வீடு எதில் கட்டியது? ஜல்லி வானத்திலிருந்தா வந்தது? எல்லாவற்றையும் மூடச் சொன்னால் நாங்கள் எங்கே போவது? (செங்கல்பட்டு மாவட்டம்)

நியாயமான கோபம். என் வீடும் அதே ஜல்லியில் கட்டியதுதான், எல்லாவற்றையும் மூடச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள் தம்பி. கட்டுப்பாடே இல்லாமல் ஓடிய இடங்களில்தான் ஒரு நாள் கோர்ட் வந்து மொத்தமாக நிறுத்தியிருக்கிறது, அப்போது முதலில் வண்டி நின்றுபோனது டிரைவருக்குத்தான், முதலாளிக்கு இல்லை. வட்டாரத்துக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே வரம்பு வைப்பது உங்கள் வேலைக்கும் பாதுகாப்பு. கீழே பல்லாரி பற்றிய பதிலையும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கேள்வி: 'சேர்த்துப் பார்க்க வேண்டும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தியாவில் எங்காவது நிஜமாகவே சேர்த்துப் பார்த்திருக்கிறார்களா? (மதுரை)

பார்த்திருக்கிறார்கள், ஆனால் எல்லாம் கெட்ட பிறகு. கர்நாடகத்தின் பல்லாரி, சண்டூர், ஹோஸ்பேட்டை பக்கம் இரும்புத்தாது. 2000-க்குப் பிறகு சீனா கேட்ட வேகத்துக்கு மலைகளை வெட்டினார்கள், தாது லாரிகள் வரிசையாகத் துறைமுகங்களுக்கு ஓடின. சென்னைத் துறைமுகம் வழியாகவும் தாது போயிற்று. வடசென்னையில் தாதுத்தூளும் நிலக்கரித்தூளும் படிந்தது பெரிய வழக்காகி, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் இரண்டையும் அங்கே கையாளுவது நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சுரங்க வட்டாரத்தின் விளிம்பு எது என்று கேட்டால் நான் ராயபுரத்தையும் சேர்த்துத்தான் கோடு போடுவேன்.

2011 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் பல்லாரியில் சுரங்கத்தை மொத்தமாக நிறுத்தியது, ஆகஸ்டில் சித்ரதுர்கா, தும்கூருக்கும் தடை நீண்டது. அடுத்து நடந்ததுதான் முக்கியம். 166 குத்தகைகளையும் ஒன்றுவிடாமல் அளந்தார்கள், எல்லை மீறாதவை அல்லது லேசாக மீறியவை, நடுத்தரமாக மீறியவை, மோசமாக மீறியவை என்று ஏ, பி, சி எனப் பிரித்தார்கள். 45, 72, 49. சி பிரிவின் 49 குத்தகையும் 2013 ஏப்ரல் தீர்ப்பில் ரத்து. மீதியைச் சும்மா திறந்துவிடவில்லை. டேராடூனில் இருக்கும் இந்திய வனவியல் ஆராய்ச்சிக் கழகம் தனித்தனிச் சுரங்கத்தை விட்டுவிட்டு வட்டாரம் மொத்தத்துக்கும் ஒரு தாக்க மதிப்பீடு செய்தது. அதை வைத்து, ஆண்டுக்குப் பல்லாரி 2.5 கோடி டன், மற்ற இரண்டு மாவட்டமும் சேர்ந்து 50 லட்சம் டன், ஆக 3 கோடி டன்னுக்கு மேல் யாரும் எடுக்கக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு. பிறகு அந்த மொத்தத்துக்குள் ஒவ்வொரு குத்தகைக்கும் அதன் தாது இருப்பு, கழிவு கொட்ட இடம், சாலை தாங்கும் அளவு பார்த்துப் பங்கு. முதலில் மொத்தம், அப்புறம் பங்கு, நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது.

கோவாவிலும் 2014-ல் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 2 கோடி டன் என்று வரம்பு வைத்தது, அதற்கு முன்பு அங்கே 5 கோடி டன்னுக்கு மேல் ஏற்றுமதியான வருஷம் உண்டு.

சரி, பல்லாரி வெற்றிக்கதையா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏலத்தில் விற்ற தாதுப் பணத்தில் ஒரு பங்கை வட்டாரத்தைச் சீர்செய்ய ஒதுக்கினார்கள், அது ஆயிரக்கணக்கான கோடியாகச் சேர்ந்து வருஷக்கணக்கில் வங்கியில் கிடந்தது. சுமார் 25,000 கோடி ரூபாய்க்குத் திட்டம் வகுத்து, மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நியமித்து வேலை நகர ஆரம்பித்தது 2022 வாக்கில்தான். அதே 2022 ஆகஸ்டில் உச்சவரம்பு பல்லாரிக்கு 3.5 கோடி டன், மற்ற இரண்டுக்கும் 1.5 கோடி டன் என்று ஏறிவிட்டது. அதாவது மருந்துப் பணம் செலவாகத் தொடங்குவதற்குள் வரம்பு முதலில் வைத்ததைவிட 2 கோடி டன் உயர்ந்துவிட்டது. வரம்பை உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஊரும் காடும் எவ்வளவு தேறியிருக்கிறது என்று காட்டிவிட்டு உயர்த்துங்கள் என்கிறேன்.

கேள்வி: உச்சவரம்பு வைத்தால் யாருக்கு எவ்வளவு என்று அடிதடி வராதா? (சேலம்)

வரும். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் வந்தது. அங்கே நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்தும் அனல்மின் நிலையங்களிலிருந்தும் உப்புத் தண்ணீர் ஆற்றில் விழும், கீழே அதே ஆற்றை நம்பித் திராட்சைத் தோட்டமும் பால் மாடும். ஒவ்வொரு சுரங்கமும் 'என் உப்பு கொஞ்சம்தான்' என்றது. 1995-ல் சோதனையாகத் தொடங்கி 2002-ல் விதியாக்கிய ஏற்பாட்டில், ஆறு எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதை முதலில் நிர்ணயித்தார்கள், அதை 1,000 பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு என்றால் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடும்போது யாரும் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. தண்ணீர் கூடும்போது பங்குக்கு ஏற்ப விடலாம். வெள்ளம் போகும்போது தாராளமாக, ஆனால் அப்போதும் ஆற்றின் உப்பு அளவு வரம்பைத் தாண்டாமல். ஏரிப் பாசனத்தில் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி, முறை வைத்து மடை திறப்பாரே, அதைத் தலைகீழாகச் செய்த மாதிரி. பங்கை ஒருவருக்கொருவர் விற்கலாம், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை 200 பங்கு காலாவதியாகி மறுபடி ஏலத்துக்கு வரும். ஆறு முழுக்க அளவு கருவி, கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

உப்பை எண்ணால் பிடிக்க முடிகிறது, அதனால் இது ஓடுகிறது. தூசிக்கும் லாரிக்கும் கூட இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒரு மலையே காணாமல் போவதற்கு மட்டும் பங்கு போட முடியாது.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் பல கம்பெனிகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது, விவசாயிகளும் போர் போட்டு இறைக்கிறோம், மழையும் சரியில்லை. கிணறு வற்றினால் ஒருத்தர் மற்றவரைக் கை காட்டுகிறார். யார் காரணம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லையா? (அரியலூர் மாவட்டம்)

வழி இருக்கிறது, ஆனால் விவசாயி கண்டுபிடிக்கிற வழி இல்லை. நிரூபிக்கிற பொறுப்பு உங்கள் தலையில் இருக்கும்வரை நீங்கள் தோற்றுக்கொண்டேதான் இருப்பீர்கள், ஏனென்றால் பூமிக்கு அடியில் நடப்பதைப் பார்க்கும் கருவியும் துளையும் தரவும் கம்பெனிகளிடம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சூரட் படுகை என்று ஒரு பகுதி (குஜராத் சூரத் இல்லை). அங்கே நிலக்கரி அடுக்குகளிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். வாயு வெளியே வர வேண்டுமானால் அந்த அடுக்கில் அழுத்திக்கொண்டிருக்கும் தண்ணீரை முதலில் இறைத்துவிட வேண்டும். நான்கைந்து பெரிய கம்பெனிகள் அடுத்தடுத்த இடத்தில், ஒவ்வொன்றும் ஏராளமான கிணறுகள், இடையிடையே கோதுமை, பருத்தி, மாட்டுப் பண்ணைகளின் ஆழ்துளைக் கிணறுகள். நீங்கள் சொல்கிற கதையேதான். 2011-ல் மாநில அரசு அந்தப் படுகையை 'ஒட்டுமொத்த மேலாண்மைப் பகுதி' என்று அறிவித்தது. கம்பெனி தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டாம், நிலத்தடி நீர்த் தாக்கத்தை மதிப்பிட அரசில் ஒரு தனி அலுவலகம் இருக்கும், அதன் செலவைக் கம்பெனிகளிடம் வரியாக வாங்கிக்கொள்வோம் என்றார்கள். கம்பெனிகள் தரவைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த அலுவலகம் படுகை மொத்தத்துக்கும் ஒரே கணினி மாதிரி கட்டி, எந்தக் கிணற்றில் எப்போது எவ்வளவு இறங்கும் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அறிக்கை வெளியிடுகிறது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பாறை அடுக்கு நீரில் 5 மீட்டர், மணற்பாங்கான அடுக்கில் 2 மீட்டர் என்று ஓர் எச்சரிக்கை அளவு வைத்திருக்கிறார்கள். உங்கள் கிணறு அடுத்த மூன்று வருஷத்துக்குள் அந்த அளவுக்கு மேல் இறங்கும் என்று மாதிரி சொன்னாலே போதும், இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பான கம்பெனி இதுதான் என்று அறிக்கையே பெயர் சொல்லிவிடும். அவர்கள் உங்களிடம் வந்து ஒப்பந்தம் போட வேண்டும்: கிணற்றை ஆழப்படுத்தித் தருவது, புதுக் கிணறு, வேறு தண்ணீர், அல்லது பணம். ஐந்து கம்பெனி சேர்ந்து இறக்கிய தண்ணீருக்கு ஐந்து கதவைத் தட்ட வேண்டியதில்லை. 2012-ல் வந்த முதல் அறிக்கையே நீண்ட காலத்தில் 500-க்கும் மேற்பட்ட கிணறுகள் அந்த அளவைத் தாண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய எரிவாயுத் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது 2010–11-ல், கணக்கு வந்தது 2012-ல். பந்தியில் உட்காரவைத்துவிட்டுத்தான் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். ஆனாலும் பார்த்தார்கள்.

இங்கே நெய்வேலி நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரடுக்கு உண்டு, அதை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்காமல் இருக்கும், 1950-களிலிருந்தே தெரிந்த விஷயம். அரியலூரில் சுண்ணாம்புக்கல், பக்கத்திலேயே டெல்டாவின் எண்ணெய்க் கிணறுகள். இவ்வளவும் இருக்கிற வட்டாரத்துக்கு நிலத்தடி நீருக்கு ஒரே கணினி மாதிரியும், கம்பெனிகள் செலவில் ஓடும் சுதந்திரமான ஓர் அலுவலகமும் கேட்பது பெரிய ஆசை இல்லை. நீர்வளத் துறையின் கண்காணிப்புக் கிணறுகள் ஏற்கெனவே இருக்கின்றன, பிர்கா வாரியாக நீர் நிலையை வகைப்படுத்தும் வேலையும் நடக்கிறது. சுரங்கங்களின் இறைப்புக் கணக்கை அதோடு சேர்ப்பதுதான் பாக்கி.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. ஊரில் பத்துக் கிணறைத் தேர்ந்தெடுத்து மாதத்தில் ஒரே தேதியில் கயிறு விட்டு அளந்து, மழையளவோடு ஒரு நோட்டில் எழுதி, கிராம சபையில் வைத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். மூன்று நான்கு வருஷக் கணக்கு இருந்தால் 'மழை இல்லை, அதான் வற்றியது' என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

கேள்வி: வழக்குப் போட்டால் 'இந்தக் கம்பெனி விதியை மீறவில்லை' என்று தள்ளிவிடுகிறார்கள். தனித்தனியாக யாரும் குற்றவாளி இல்லாதபோது மொத்தத்துக்காக எந்தக் கோர்ட்டாவது தீர்ப்புச் சொல்லியிருக்கிறதா? (திருச்சி, வழக்கறிஞர்)

சொல்லியிருக்கிறது, கனடாவில். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடகிழக்கில் புளூபெர்ரி ரிவர் என்ற பூர்வகுடிச் சமூகம். வேட்டையும் மீன்பிடியும் முன்போலவே தொடரலாம் என்று வாக்குக் கொடுத்து 1900-ல் அவர்களை ஓர் ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தார்கள். பிறகு எரிவாயுக் கிணறு, குழாய், சாலை, மரம் வெட்டு என்று ஒவ்வொன்றாக அனுமதி. அவர்கள் எந்த ஒரு கிணற்றையும் எதிர்த்து வழக்குப் போடவில்லை, அனுமதி கொடுத்துக்கொண்டே போன மாகாண அரசு மேல் போட்டார்கள். அவர்களுடைய பரப்பில் 85 சதவீதம் ஏதாவது ஒரு தொழில் இடையூறுக்கு 250 மீட்டருக்குள் இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். 2021 ஜூனில் மாகாண உச்ச நீதிமன்றம், எல்லாம் சேர்ந்து ஒப்பந்த உரிமையை அர்த்தமில்லாமல் செய்துவிட்டன, இனி அனுமதி கொடுக்காதே என்றது. பேசி முடிக்க ஆறு மாதம் அவகாசம். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. 2023 ஜனவரியில் உடன்பாடு: எண்ணெய், எரிவாயுவுக்காகப் புதிதாகக் கை வைக்கும் நிலம் வருஷத்துக்கு 750 ஹெக்டேருக்கு மேல் கூடாது, சீரமைப்புக்கு 20 கோடி டாலர் நிதி.

நமக்கு அந்த ஒப்பந்தம் இல்லை, அதனால் தீர்ப்பை அப்படியே எடுத்துவர முடியாது. வழக்கை அமைத்த விதத்தை எடுத்துவரலாம். பிரதிவாதி கம்பெனி இல்லை, அனுமதிகளைக் கூட்டிப் பார்க்காத அதிகாரம். தீபக் குமார் தீர்ப்பையும் இந்த வரைபட வேலையையும் சேர்த்து வைத்து யாராவது ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். நீங்களே ஏன் செய்யக் கூடாது?

கேள்வி: டெல்டாவைத்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிவிட்டார்களே, அப்புறம் என்ன பயம்? (திருவாரூர்)

2020 சட்டம் உண்மையிலேயே பெரிய விஷயம். கூட்டிக் கழிக்கிற வேலையே வேண்டாம், இந்தப் பகுதிக்குள் புதிய எண்ணெய், எரிவாயு, மீத்தேன் வேலைகள் கிடையாது என்று கோடு போட்டுவிடுவது. 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புப் பக்கம் நிலக்கரி ஏலப் பட்டியல் வந்தபோது மாநிலம் எதிர்த்து, மத்திய அரசு விலக்கிக்கொண்டதற்கு அந்தச் சட்டமும் ஒரு பலம். ஆனால் சட்டத்துக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தவற்றை அது தொடவில்லை, திருச்சி, கரூர், அரியலூரை உள்ளே எடுக்கவும் இல்லை. காவிரி அந்த ஊர்கள் வழியாகத்தான் உங்களிடம் வருகிறது.

கேள்வி: கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய் என்ன பிரயோஜனம்? கத்துகிறோம், பந்தலைப் பிரிக்கிறார்கள், அனுமதி வந்துவிடுகிறது. வந்த பிறகு ஏதாவது செய்ய முடியுமா? (திண்டுக்கல் மாவட்டம்)

கத்துவது வீடியோவில் இருக்கும், கோப்பில் எழுதப்படுவது வேறு. கூட்டத்துக்கு 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும், வரைவு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். பேச்சோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கலையுங்கள். 'எங்களுக்குக் குவாரி வேண்டாம்' என்பது உங்கள் உரிமை, ஆனால் கோப்பில் அது ஒரு வரியாக முடிந்துபோகும். '10 கிலோமீட்டர் ஆய்வுப் பரப்பில் இத்தனை குவாரி, இத்தனை கிரஷர் இருக்கிறது, காற்றுக் கணக்கில் அவற்றில் எவை இல்லை, ஏன் இல்லை, எல்லாரும் பயன்படுத்தும் சாலையில் மொத்தம் எத்தனை நடை' என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு விண்ணப்பதாரர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும், மதிப்பீட்டுக் குழு அந்தப் பதிலையும் பார்க்கும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் என்ற மாநில விதியை நீங்களே நாடா வைத்து அளந்து படத்தோடு கொடுங்கள்.

அனுமதி வந்துவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. அதுவும் தாண்டிவிட்டதா? ஒவ்வொரு ஜூன் 1, டிசம்பர் 1 அன்றும் அனுமதி நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று குவாரிக்காரர் அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும், அது பொது ஆவணம். பக்கத்துப் பக்கத்துக் குவாரிகளின் அறிக்கைகளை எல்லாம் தகவல் உரிமையில் வாங்கி, தூசி அளந்த தேதியையும் அளவையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரே வாரத்தில் ஒன்று 40 என்றும் அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று 90 என்றும் சொன்னாலோ, ஏழு அறிக்கையிலும் ஒரே எண் வந்தாலோ, அந்தத் தாளை வைத்து வாரியமே ஒரே நாளில் எல்லா இடத்திலும் அளக்க வேண்டும் என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள், நகல் ஆட்சியருக்கு.